பெட்டிக்கு வெளியே ஒரு கோப்பை

வீடு மாற்றிக் கொடுக்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்கென்று ஒரு பெயர் இருப்பது வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவள் கண்ணாடியக்கா. மூக்குக்கண்ணாடியால் வந்த பெயரல்ல. நாற்பத்திரண்டு வயதிலும் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோக்கிற கண் அவளுக்கு. பீங்கான் தட்டு, கண்ணாடி டம்ளர், சுவர்க்கடிகாரம், மேஜை விளக்கு என்று கீழே விழுந்தால் வீட்டுக்காரரை அழவைக்கும் சாமான் எதுவானாலும் அது அவள் கைக்குத்தான் வரும். கட்டிலையும் பீரோவையும் ஆண்கள் தூக்குவார்கள். தூக்கட்டும், அதற்குத் தோள் இருந்தால் போதும். ஒரு டம்ளரைக் காகிதத்தில் சுற்றத் தோள் மட்டும் போதாது என்பது அவள் கட்சி. என்னைக் கேட்டால் நானும் அந்தக் கட்சிதான்.

பதினெட்டு வருடத்தில் அவள் கையில் உடைந்தவை மொத்தம் இரண்டு தட்டுகள். அதிலும் ஒன்று ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது என்று இன்றுவரை சாதிப்பாள். இதைவிடப் பெரிய வித்தை ஒன்று அவளிடம் உண்டு. எந்தப் பெட்டியில், எந்த அடுக்கில், எந்த மூலையில் எது இருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. டேப் ஒட்டி மூடிய நாற்பது பெட்டிகளுக்கு நடுவே நின்று சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்டால், கேட்டவர் வாயை மூடுவதற்குள் கையை நீட்டிக் காட்டிவிடுவாள்.

அவளுடைய ஆங்கிலம் முழுக்க அட்டைப்பெட்டியின் பக்கங்களில் அச்சாகி வந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் அவள். 'ஹேண்டில் வித் கேர்', 'கீப் இன் எ டிரை பிளேஸ்', 'டு நாட் ஸ்டாண்ட் ஆன் திஸ் பாக்ஸ்' என்பவற்றைப் பதினெட்டு வருடம் தினமும் பார்த்தால் யாருக்குத்தான் மனதில் ஒட்டாது? மகள் மழையில் நனைந்து வந்தால் துண்டை வீசி, "கீப் இன் எ டிரை பிளேஸ்" என்பாள். கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நாளெல்லாம் குழந்தைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வந்து தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, காலால் முதுகை மிதிக்கச் சொல்லி மகளைக் கூப்பிடுவார். "டு நாட் ஸ்டாண்ட் ஆன் திஸ் பாக்ஸ்" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போவாள் கண்ணாடியக்கா. அந்த வீட்டுக்கு அவ்வளவு ஆங்கிலம் தாராளமாகப் போதும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கோப்பை கைக்கு வரும்வரை போதுமாகத்தான் இருந்தது.

வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர் பெரிய வீட்டைக் காலி செய்து சின்ன வீட்டுக்குப் போனார். மனைவி தவறி மூன்று மாதம். கண்ணாடியக்கா சமையலறையில் பாத்திரங்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, நீலக்கோடு போட்ட கோப்பை ஒன்றைத் தூக்கிக் காட்டி அவர் ஏதோ சொன்னார். அவள் காதில் தெளிவாக விழுந்தது கப், பாக்ஸ் என்ற இரண்டே சொற்கள். கப்பும் பாக்ஸும் ஒரே வாக்கியத்தில் வந்தால் சாமான் கட்டுகிறவளுக்கு வேறு என்ன தோன்றும்? தலையை ஆட்டிவிட்டு வாங்கினாள். நான்கு தாள் சுற்றினாள். பெட்டியின் நட்டநடுவில், எந்தப் பக்கம் இடித்தாலும் படாத இடத்தில் வைத்து மூடினாள். பெரியவர் நின்று பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

புது வீட்டில் அவர் பெட்டி பெட்டியாகத் தடவிக்கொண்டு நடப்பதைப் பார்த்த லாரி டிரைவர், கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர், போய் விசாரித்துவிட்டு வந்தார். "அந்தக் கப்பை மட்டும் பெட்டில போடாதீங்கன்னு சொன்னாராம். அவரு சம்சாரம் குடிக்கிற கப்பு. கையிலயே வச்சுக்கிட்டு வரணும்னு இருந்தாராம்." கண்ணாடியக்கா நேராகப் பதினேழாவது பெட்டிக்குப் போய்க் கோப்பையை எடுத்துக் கொடுத்தாள். அவர் நான்கு முறை நன்றி சொன்னார். அந்த நன்றிதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பாள். வழி முழுக்க அந்த மனிதர் வெறுங்கையோடு உட்கார்ந்து வந்திருக்கிறார், அதற்குத் தான்தான் காரணம் என்பது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

சொல்லவருவது இந்த வருடத்துக் கதை. கம்பெனியில் டீம் லீடர் வேலை காலியானது. டீம் லீடர் என்றால் முன்வாசலில் நின்று வீட்டுக்காரரை வரவேற்று, அறை அறையாக அவரோடு நடந்து, எது எங்கே போகவேண்டும் என்று கேட்டுக்கொள்கிற ஆள். மற்றவர்களெல்லாம் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போகிறவர்கள். வீடு மாறுகிறவர்களில் பாதிப்பேர் ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்களாக இருந்ததால், லீடருக்கு ஆங்கிலம் கட்டாயம் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. ஒரு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய மேடம் வருவார், ஆளுக்குப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசுவார், அதை வைத்து முடிவு என்று மேனேஜர் அறிவித்தார். போட்டிக்கு இரண்டு பேர். கண்ணாடியக்கா ஒன்று, மாப்பிள்ளை இன்னொன்று.

மாப்பிள்ளை என்பது பட்டப்பெயர். சாமான் தூக்க வரும்போதுகூட இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வருகிற முப்பது வயதுக்காரன். ஆங்கிலம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நல்ல பையன்தான், வாய் வார்த்தையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் கட்டிய பெட்டியை ஆட்டினால் உள்ளே சத்தம் கேட்கும். ஒருமுறை மீன்தொட்டிக்கு மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துக் கட்டிய மகான். அவன் லீடரானால் முன்வாசலில் அவன் நின்று சொல்ல, பின்வாசலில் இவள் நின்று கேட்கவேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"எனக்கு அந்த வேலை வேணுங்க. இன்னொருத்தரோட கப்பு தெரியாம பெட்டிக்குள்ள போகக் கூடாது."

எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிற மனிதர் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. அப்படியானால் இன்றிலிருந்து நீதான் லீடர், நாங்கள் இரண்டுபேரும் வீட்டுக்காரர்கள் என்றார். அதற்கு அவர் எவ்வளவு பாடுபடப் போகிறார் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

முதல் நாள் மகளின் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் தூக்கம் கண்ணைச் சொருகியது. மறுநாள் காலை அடுப்பிலிருந்து கெட்டிலை இறக்கும்போது, பல் தேய்த்துக்கொண்டிருந்த மகள் விளையாட்டாக, "யூ டேக் த கெட்டில் ஆஃப் த ஸ்டவ்" என்றாள். கெட்டில் கையில் கனத்துக்கொண்டிருக்க அவளும் அதைத் திருப்பிச் சொன்னாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோதும் அந்த வாக்கியம் மனதில் அப்படியே இருந்தது. அவளுக்குச் சட்டென்று பிடி கிடைத்துவிட்டது. கை என்ன செய்கிறது, கையில் என்ன இருக்கிறது, அது எங்கே போகிறது. மூன்றே சங்கதி. பதினெட்டு வருடமாக அவள் செய்கிற வேலையே இதுதானே?

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடிகாரத்தை சோபா மேல வை என்று நாம் சொல்லும்போது முதலில் சாமானைக் காட்டுகிறோம், அடுத்து இடத்தைக் காட்டுகிறோம், எல்லாம் தெரிந்த பிறகுதான் கையை வைக்கிறோம். இது வேலை தெரிந்தவன் முறை. ஆங்கிலத்தில் எடுத்த எடுப்பிலேயே 'புட்'. எதை, எங்கே என்பதெல்லாம் அப்புறம்.

"முதல்ல கையை வச்சுட்டு அதுக்கப்புறம் எங்கன்னு யோசிக்கிறாங்க. நம்ம மாப்பிள்ளை மாதிரியே" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் நிம்மதியில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஏதாவது ஒன்று ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போயாகவேண்டும். போனதைப் பழைய இடத்தில் வைத்தால் அது பழைய வாக்கியமாகிவிடும் என்பதால் புது இடத்துக்குத்தான் போகும். இரண்டாவது வாரத்துக்குள் சீப்பு ஜன்னலிலும், விளக்குமாறு கதவுக்குப் பின்னாலிருந்து கட்டிலுக்கடியிலும், கட்டிலுக்கடியில் இருந்த செருப்புகள் அலமாரியின் உச்சியிலும் இருந்தன. யார் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். காலுறையைக் காணோம் என்று கணவர் ஒற்றைக்காலில் நின்று கத்தினால், "யுவர் சாக்ஸ் ஆர் பிஹைண்ட் த சுகர் டின்" என்று சமையலறையிலிருந்து நிதானமாகக் குரல் வரும். மகளின் ஜாமெட்ரி பாக்ஸ் ஃபிரிட்ஜில் பாலுக்கும் முட்டைக்கும் நடுவே இருந்தது. பரீட்சை ஹாலில் அந்தக் காம்பஸை எடுத்தபோது விரல் ஜில்லென்று விறைத்தது என்று அவள் ஒரு வாரம் மூக்கால் அழுதாள். ஆனாலும் இரண்டுபேரும் ஆட்டத்தை விடவில்லை. வேண்டுமென்றே ஆங்கிலத்தில் தொலைத்து ஆங்கிலத்திலேயே தேடினார்கள்.

மூன்றாவது வாரம் புத்தகத்தில் ஒரு பக்கம் அவளைத் தடுக்கிவிட்டது. அங்கே இருந்த பொருள்களைக் கையால் பிடிக்க முடியவில்லை. 'டேக் எ ரெஸ்ட்' என்றிருந்தது. ஓய்வை எந்த அலமாரியிலிருந்து எடுப்பது? 'கேட்ச் எ கோல்டு' என்றிருந்தது. சளியை ஒருவர் எறிந்து இன்னொருவர் பிடிப்பார்களா? 'மேக் எ மிஸ்டேக்' என்றிருந்தது. தப்பு என்ன தோசைக்கல்லில் வார்க்கிற சமாசாரமா, உட்கார்ந்து செய்வதற்கு?

"அது அப்படித்தாம்மா, சேர்ந்தே வரும். காரணமெல்லாம் கேக்கக் கூடாது" என்றாள் மகள்.

காரணம் கேட்காமல் எதையும் கட்டி வழக்கமில்லாத கண்ணாடியக்கா அந்த மாதிரி வாக்கியங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சதுரம் போட்டாள். சதுரத்துக்குக் காலிப் பெட்டி என்று அர்த்தம். மேலே பெயர் எழுதியிருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. காலிப் பெட்டியையும் லாரியில் ஏற்றித்தானே ஆகவேண்டும் என்று அவற்றையும் மனப்பாடம் செய்தாள். 'ஐ டேக் எ ரெஸ்ட்' என்பதைத் தரையில் மல்லாந்து படுத்துச் சொல்லவேண்டியிருந்ததால், கணவருக்குப் பிடித்த பாடமும் அதுவாகத்தான் இருந்தது. தப்பு செய்கிற வாக்கியத்துக்கு மட்டும் என்ன செய்து காட்டுவதென்று தெரியாமல் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

பெரிய மேடம் வருகிற நாளும் வந்தது. முதலில் மாப்பிள்ளை உள்ளே போனான். பத்து நிமிடத்தை ஏழு நிமிடத்தில் முடித்துக்கொண்டு வெளியே வந்து, "ஈஸிதான்க்கா, பயப்படாதீங்க" என்றான். அவன் உண்மையாகவே ஆறுதலுக்குத்தான் சொன்னான். இவள் எழுந்து உள்ளே போனாள்.

மேனேஜரின் அறையில் மேஜைக்குப் பின்னால் பெரிய மேடம் உட்கார்ந்திருந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, அவசரமே இல்லாத பெண்மணி. பக்கத்தில் மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் ஒரு ஃபைல், கண்ணாடிச் சட்டம் போட்ட புகைப்படம், டிஷ்யூ பெட்டி, பேனாக்கள் நிற்கும் பீங்கான் குவளை, மேடத்தின் ஃபோன், பாதி குடித்த டீக்கோப்பை. கண்ணாடியக்காவை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். இரண்டு கையும் மடியில் சும்மா கிடந்தன. உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மேடம் ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வி புரிந்தது. பதில்தான் வரவில்லை.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அவளுக்கு அது சொல்லுக்குச் சொல் நடந்தது. முப்பது நாளும் கையில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டே பேசிப் பழகியவள், வெறுங்கையோடு ஒரு வாக்கியம்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. கெட்டில் இல்லாமல் கெட்டில் வாக்கியம் எங்கிருந்து வரும்? மேடம் பொறுமையாகக் காத்திருந்தார். மேனேஜர் கழுத்தை விட்டுவிட்டு நெற்றியைத் துடைத்தார். எல்லாம் போச்சு என்று அவள் கீழே பார்த்தபோது, சுவரோரம் மடித்துச் சாய்த்து வைத்திருந்த அட்டைப்பெட்டி ஒன்று, பக்கத்தில் டேப்பும் சுற்றுகிற தாளுமாகக் கண்ணில் பட்டது. அந்தக் கம்பெனியில் எந்த அறையிலும் அது இல்லாமல் இருக்காது.

"சார், அந்தப் பெட்டியை எடுத்துக்கட்டுமா? கையில ஏதாச்சும் இருந்தா பேச வரும்" என்றாள் தமிழில், மெல்ல.

மேனேஜர் அசடு வழிந்துகொண்டே மேடத்திடம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, எடுத்துக்கொள்ளட்டும் என்று கையைக் காட்டினார்.

அட்டையில் கை பட்டதுதான் தாமதம். "ஐ ஓப்பன் த பாக்ஸ். ஐ புட் டேப் ஆன் த பாட்டம்" என்று ஆரம்பித்தாள். குரல் முதலில் நடுங்கியது, டேப் கிழிபட்ட சத்தத்தோடு அந்த நடுக்கமும் போய்விட்டது. "ஐ டேக் த போட்டோ ஃப்ரம் த டேபிள். ஐ ராப் த கிளாஸ் இன் பேப்பர்." புகைப்படம் போனது. டிஷ்யூ போனது. பேனாக்கள் குவளையிலிருந்து தாளுக்குள்ளும், குவளை இன்னொரு தாளுக்குள்ளும் போயின. மேடத்தின் ஃபோன் போனபோது மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மேடம் கண்ணாலேயே அவரை அடக்கினார். ஃபைலும் மேலே ஏறியது. கடைசியாகப் பாதி டீயோடு கோப்பை மட்டும் நின்றது. அவள் கை அதன் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

"மேடம், டு ஐ லீவ் த கப் அவுட் ஆஃப் த பாக்ஸ்?"

வெளியே விடுங்கள் என்றார் மேடம். அவள் பெட்டியை மூடி டேப் ஒட்டினாள். ஒட்டி முடித்த அதே நிமிடம் பெட்டிக்குள் ஃபோன் அடித்தது. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். ஃபோன் எங்கே இருக்கிறது என்று மேடம் கேட்டதுதான் தாமதம், கண்ணாடியக்காவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "யுவர் ஃபோன் இஸ் அண்டர் த ஃபைல், பிட்வீன் த போட்டோ அண்ட் த டிஷ்யூஸ், ஆன் த லெஃப்ட்" என்று சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் டேப்பைக் கீறி, கையை விட்டு, வேறெதையும் அசைக்காமல் ஃபோனை உருவிக் கொடுத்தாள். அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மேடம் சிரித்துவிட்டார். மேனேஜரும் சிரித்தார், மேடம் சிரித்த பிறகு.

பேசி முடித்து ஃபோனை வைத்த மேடம், சிரிப்பு அடங்கியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எல்லாவற்றையும் கேட்காமல் எடுத்து வைத்தீர்களே, கோப்பைக்கு மட்டும் ஏன் கேட்டீர்கள்?

மேஜையில் மேடத்தின் கோப்பையும் ஃபோனும் மட்டும்தான் இருந்தன. பெட்டி மூடியிருந்தது. பிடித்துக்கொள்ள இனி ஒன்றும் மிச்சமில்லை. கண்ணாடியக்கா தன் இரண்டு கையையும் பார்த்தாள். நீலக்கோடு போட்ட கோப்பையின் கனம் அவற்றில் அப்படியே இருந்தது.

"ஒன் மேன் கேவ் எ கப் டு மீ" என்றாள். "ஹி செட், லீவ் த கப் அவுட் ஆஃப் த பாக்ஸ். இட் வாஸ் ஹிஸ் வைஃப்ஸ் கப். ஐ புட் த கப் இன் த பாக்ஸ்." அடுத்த வாக்கியம் பென்சில் சதுரம் போட்ட பக்கத்திலிருந்து தானாக எழுந்து வந்தது. "ஐ மேட் எ மிஸ்டேக்."

அந்தப் பெட்டி காலியாக இல்லை. இரண்டு வருடமாக அது உள்ளே நிறைந்துதான் இருந்திருக்கிறது, எடுத்து வைக்க ஒரு வாக்கியம்தான் கிடைக்காமல் இருந்தது. சொல்லி முடித்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டிஷ்யூவும் கட்டிய பெட்டிக்குள் போய்விட்டிருந்ததால் மேனேஜர் தன் கைக்குட்டையை நீட்டினார், அதன் நிலைமையைப் பார்த்து அவரே திருப்பி வைத்துக்கொண்டார். மேடம் மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்.

"ஃப்ரம் மண்டே, யூ ஸ்டாண்ட் அட் த ஃபிரண்ட் டோர்" என்றார்.

எப்போதிலிருந்து, யார், எந்த இடத்தில் என்று அத்தனையும் அவளுக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை அவள் முதன்முதலாக ஒரு வீட்டின் முன்வாசல் மணியை அடித்தாள். உயரமான ஒரு கணவரும் குட்டையான ஒரு மனைவியும் கதவைத் திறந்தார்கள். மாப்பிள்ளை இரண்டடி தள்ளி நின்றான். வாக்கியம் தடுமாறினால் தான் எடுத்துக் கொடுப்பதாகவும், பதிலுக்குத் தன் பெட்டிகளை அவள் ஒருமுறை ஆட்டிப் பார்க்கவேண்டும் என்றும் வரும் வழியிலேயே ஒப்பந்தமாகியிருந்தது. அவள் தடுமாறவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு, எத்தனை அறை, எத்தனை கட்டில் என்று கேட்பதற்கு முன்னால், "வாட் டு வீ லீவ் அவுட் ஆஃப் த பாக்ஸ்?" என்று கேட்டாள்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவரை யாரும் அவர்களை அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. உள்ளே போய் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் வாக்குவாதம் செய்தார்கள். பிறகு கணவர் ஒரு நசுங்கிய கெட்டிலோடும், மனைவி மேல்துணி கிழிந்த ஒரு மேஜை விளக்கோடும் வந்தார்கள். இரண்டையும் கண்ணாடியக்கா கைநீட்டி வாங்கிக்கொண்டாள். கூடத்தின் ஜன்னலோரம் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்து, இந்த இரண்டையும் யாரும் தொடக்கூடாது என்று ஆட்களுக்குத் தமிழில் ஒரு அதட்டல் போட்டாள்.

மத்தியானம் லாரி கிளம்பியபோது தம்பதி காரில் முன்னால் போனார்கள். கெட்டில் அவர் மடியில் இருந்தது. கார் சின்னது, விளக்கு நுழையவில்லை. அதை லாரியின் முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிட்டாள் கண்ணாடியக்கா. இடம் போன மாப்பிள்ளை இஸ்திரி சட்டையோடு பின்னால் சாமான்களுக்கு நடுவே ஏறிக்கொண்டான். அவள் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அது சாயாமல் போய்ச்சேரும்வரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தாள்.